ரிப்பேரில் இருக்கும் வெயில்

வால்பாறைக்கு மழை ஜூன் மாதம் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தால், பெண் கொடுத்த மாமனார் மாதிரி, எப்போது கிளம்புவீர்கள் என்று யாரும் கேட்க முடியாத தோரணையில் உட்கார்ந்துகொள்ளும் என்பதும், அது உட்கார்ந்திருக்கும் நாலு மாதமும் தீப்பெட்டி பற்றாது, உப்பு கொட்டாது, உள்பாவாடை காயாது என்பதும் அந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே, ஆவுடையப்பனின் பிட்காயின் மெஷின் ஒரு புதன்கிழமை காலையில் வேனில் ஏறி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சமவெளிக்குப் போய்விட்ட பிறகும், அதன் சூடு மட்டும் போக மனமில்லாமல், மெஷின் இருந்த முக்காலியின் மேல் அப்படியே நின்று வீசிக்கொண்டிருந்தபோது, ஊரில் ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. ஈரத் துணிதான் வந்தது.

ஆவுடையப்பன் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடை போட்டவர். தராசு முள் இருபது கிலோ என்று காட்டினால் அவர் பதினெட்டு என்று எழுதுவார். இரண்டு கிலோ ஈரத்துக்குக் கழிவு. மழைக்காலத்தில் இது நியாயம்தான் என்று கொழுந்து பறிக்கும் பெண்களே ஒப்புக்கொள்வார்கள். கோடையிலும் கழித்தார், பனி ஈரம் என்றார். பனியும் இல்லாத மார்ச் மாதத்தில், பறிப்பவர்களின் வியர்வை இலையில் பட்டிருக்கும் என்றார். இந்தக் கழிவு எஸ்டேட்டின் பழைய வழக்கமே தவிர அவருடைய கண்டுபிடிப்பு அல்ல என்றாலும், ஒரு வழக்கத்தை முகம் சுளிக்காமல் முப்பத்தோரு வருஷம் நடத்திக்காட்டுவதும் ஒரு திறமைதான். தன்னை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்று அவர் நம்பியதற்கு இந்த அனுபவமே அடிப்படை.

அவர் மனைவி உலகம்மாளுக்கு இளைப்பு. தென்காசிப் பக்கத்து வெயிலில் பிறந்த நெஞ்சு, முப்பத்து நாலு மழைக்காலங்களை இந்த மலையில் வாங்கி வாங்கி, இப்போது மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஆகிவிட்டது. பொள்ளாச்சி டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல் வெகுநேரம் கேட்டுவிட்டு, இனி ஒரு மழைக்காலம் மேலே கூடாது, மகனிடம் போய் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மகன் வீடு கோயம்புத்தூரில் ஒன்பதாவது மாடியில் இருந்தது. அங்கே மருமகள் நல்ல பெண்; அத்தை எழுந்தால் உட்காரச் சொல்வாள், சமையல்கட்டுப் பக்கம் திரும்பினால் உட்காரச் சொல்வாள், உட்கார்ந்திருந்தால் சரியாக உட்காரச் சொல்வாள். பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு வந்த உலகம்மாள், இங்கே மூச்சு முட்டிச் சாவதா, அங்கே உட்கார்ந்தே சாவதா என்பது மட்டும்தான் இனி கேள்வி என்றாள். அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்பது ஆவுடையப்பனின் கேள்வி. அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அது கொதித்துவிட்டதா என்று சொல்ல ஆள் வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அவர் தன் ஓய்வுப் பணத்தில் அந்த மெஷினை வாங்கினார். இதைச் சுரங்கத் தொழில் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை. குழி இல்லை, மண் இல்லை, மண்வெட்டி இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்கள் ஒரே ஒரு எண்ணை ஊகிக்கின்றன, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு மெஷின் சரியாக ஊகித்துவிடுகிறது, பிட்காயின் என்கிற கம்ப்யூட்டர் காசு அதற்குப் பரிசாகப் போகிறது, மற்றவை அடுத்த எண்ணை ஊகிக்கத் தொடங்குகின்றன. பரீட்சைக்குப் படிக்காத பையன்களையெல்லாம் ஒரே ஹாலில் உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று கீசர் ஓடுகிற அளவு மின்சாரம் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் இது. ஊகிப்பதில் எந்த மெஷின் கெட்டி என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சூடு கக்குவதில் எல்லாமே கெட்டி என்பதில் இல்லை.

இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒட்டிவைத்த அளவில் இருந்த அந்தப் பொருளைப் பக்கத்து அறை முக்காலியில் வைத்து முடுக்கியதும், ஒரு வாரத்தில் வீட்டின் ஈரம் ஓடிப்போய்விட்டது. உலகம்மாளின் நெஞ்சில் விசில் நின்றது. நின்று என்ன பயன்? முன்பக்க ஃபேனும் பின்பக்க ஃபேனும் சேர்ந்து போட்ட சத்தம் அவள் பல்லுக்குள் புகுந்துகொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் கையால் பேசிக்கொண்டார்கள். அரிசி அளக்கும்போது தான் எண்ணுவது தன் காதிலேயே விழாமல் இரண்டு பேருக்கு ஏழு பேர் சோறு வடித்தாள். மூச்சு வந்ததும் தூக்கம் போயிற்று. தூங்காத மனுஷிக்கு மூச்சு எதற்கு என்று சைகையில் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. எந்தக் கருவிக்கும் அன்று ஓய்வு என்பது எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் பழகிய ஒழுங்கு; மெஷினை நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சுற்றி, தாம்பாளத்தில் பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டினார். மறுநாள் காலையில், படைத்ததை எடுக்காமலேயே சுவிட்சைப் போட்டார். முன்பக்கம் இருந்த பொரி முழுவதையும் மெஷின் ஒரே மூச்சில் உள்ளே இழுத்து, ஊகிக்கிற சூட்டில் இன்னொரு தடவை வறுத்து, பின்பக்கமாக உலகம்மாளின் முகத்திலும் கூந்தலிலும் அப்போதுதான் இறக்கிவைத்த ரசத்திலும் வாரி இறைத்தது. பக்கத்து வீட்டார் அதைப் பிரசாதம் என்று பொறுக்கித் தின்று, கொஞ்சம் கருகல் என்று அபிப்பிராயமும் சொன்னார்கள். உலகம்மாள் தலையை உதறிவிட்டு ஒரு பை துணியோடு ஒன்பதாவது மாடிக்கு பஸ் ஏறினாள். மெஷின் போனால் சொல்லியனுப்புங்கள் என்பதை மட்டும், கேட்க வேண்டும் என்பதற்காக, சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

ஏழு மாதம் தன் சமையலைத் தானே சாப்பிட்ட பிறகு, ஆவுடையப்பன் பொள்ளாச்சிக்கு அப்பால் பழைய நூல் மில் ஒன்றில் நடந்துவந்த குளிர்நிலவு ஹோஸ்டிங் சர்வீஸின் நோட்டீஸைத் தேடி எடுத்தார். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. மெஷினை வீட்டில் வைத்தால் சத்தம், சூடு, மின்சாரத் தொல்லை, குடும்ப அமைதிக்குப் பாதிப்பு என்று ஒரு பத்தி. எங்களிடம் விட்டால் நிபுணர்களின் இருபத்து நாலு மணி நேரக் கண்காணிப்பு, உலகத் தரமான குளிரூட்டல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது நேரம் ஓடும் உத்தரவாதம் என்று இன்னொரு பத்தி. கடைசியில் விட்டுப்போன அந்தப் புள்ளி ஒன்றைத்தான் அவர் வெகுவாக ரசித்தார். நூற்றுக்கு நூறு என்று சொல்லாமல் கழிவு போட்டுச் சொல்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று முடிவு செய்து, இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில், எல்லோரும் போல, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் போன செய்தி கேட்டு மறுநாள் வியாழக்கிழமை உலகம்மாள் வந்தாள். மழை வலுக்கும் முன் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத்தான் வந்தாள். படியேறும்போதே விசில் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து அறைக்குள் போனவள் வெற்று முக்காலியையும், அதற்கு மேலே சன்னல் திரையை ஆட்டிக்கொண்டு, தென்காசி சித்திரை மாதத்தைப் போல உலர்ந்து, சத்தமே இல்லாமல் வீசிக்கொண்டிருந்த சூட்டையும் பார்த்தாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. அதன் எதிரே நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லாமல் அவள் உட்கார்ந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. விசில் அடங்கியதும் எழுந்து, நனைந்த புடவையை முக்காலிக்கு நேராகக் கொடி கட்டிப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். அதுதான் அவள் தீர்மானம் என்று ஆவுடையப்பனுக்கு விளங்கிற்று.

காய்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு மழைக்காலத்தில் கடைவீதிக்குப் போகிற பெண்பிள்ளை ரகசியம் எதையும் காப்பாற்ற முடியாது. முதலில் பக்கத்து வீட்டுப் பள்ளிச் சீருடைகள் வந்தன. பிறகு சாக்ஸுகள் வந்தன, குடைகள் வந்தன, வடகம் வந்தது, பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து துணிகள் வந்தன, பூசணம் பூத்த நூலகப் புத்தகங்களை நூலகர் பெட்டியோடு கொண்டுவந்தார், கோயில் திருநீறு கட்டி தட்டிவிட்டதென்று பூசாரி வந்தார், மசூதிப் பாய்களும் சர்ச் கம்பளமும் ஒரே கொடியில் அடுத்தடுத்து ஆடின. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், முக்காலியின் அடியில் தடவிப் பார்த்தார், கம்பி எதுவும் அகப்படாததால் குறிப்பேட்டில் இயற்கைக் காற்று என்று எழுதிவிட்டு, தன் ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். இதற்கு அறை வெயில் என்று பெயர் வந்தது. அறை வெயிலில் மீன் காயப்போடலாமா கூடாதா என்று தெரு இரண்டுபட்டது; கருவாடு செவ்வாய், வெள்ளி தவிர்த்து மற்ற நாட்களில் மாலை நாலு மணிக்கு மேல் என்று ஒப்பந்தம் ஆயிற்று. இந்த வெயில் எப்படி வந்தது என்று ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், கேட்டார். அவருடைய துணியைக் கடைசியில் போட்டார்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளிகளோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் முப்புடாதி. இருபத்தாறு வருஷம் ஆவுடையப்பனின் தராசில் கூடை வைத்தவள். ஊரார் எல்லாம் உலகம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்; முப்புடாதி கேட்கவில்லை. பிழிந்தும் சொட்டிக்கொண்டிருந்த கம்பளியை ஆவுடையப்பன் கண்ணெதிரே கொடியில் விரித்துவிட்டு, "ரெண்டு கிலோ இருக்கும் கணக்கய்யா, ஈரம்" என்றாள். அவர் அன்று முழுக்கத் தினசரிப் பேப்பரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை இரண்டாம் வாரம் குளிர்நிலவிலிருந்து அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. வருந்துகிறோம், உங்கள் மெஷினின் போர்டு பழுதாகிவிட்டது, சீனாவிலிருந்து உதிரிப் பாகம் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஓடாது, பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் வழக்கம்போல் செலுத்தவும். ஆவுடையப்பன் வாசலுக்கு வந்து துணி காயப்போட நின்றவர்களிடம் இதைத் துக்கச் செய்தியாகப் படித்துக்காட்டினார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். முப்புடாதி மட்டும் உள்ளே போய்க் கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஓடலைங்கிறீங்க கணக்கய்யா. பொறவு இது எப்படிக் காயுது?"

முப்பத்தோரு வருஷ அனுபவம் அவருக்குள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்த அன்றைக்கு இங்கே அறை வெயிலும் அடிக்கவில்லை. மெஷின் ஓடினால்தான் முக்காலியில் சூடு. முக்காலியில் சூடு இருக்கிறது, முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அப்படியானால் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மெஷின் எங்கேயோ யாருக்கோ தம் பிடித்து ஊகித்துக்கொண்டிருக்கிறது. ஈரமே இல்லாத நாளில் ஈரத்துக்குக் கழிப்பது எப்படி என்பதை அறிந்தவருக்கு இது புரிய இவ்வளவு நேரம் ஆனதுதான் அதிசயம்.

போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினார். உலகம்மாள் தடுத்தாள். தூக்கிக்கொண்டு வந்தால் சத்தமும் வரும், சத்தம் வந்தால் தான் இருக்க முடியாது, இந்த மழைக்கு இந்தச் சூடு இல்லாமலும் இருக்க முடியாது, இரண்டும் தெரிந்துதானே பேசுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் திருட்டைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் பேசினார். என்னையே ஒருத்தன் ஏமாற்றினான் என்று நாளைக்கு ஊர் சொல்லும் என்றார். அவள் ஒரு பையில் நாலு புடவைகளை வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். எதற்கு அவ்வளவு துணி என்று அவர் கேட்கவில்லை.

சமவெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நூல் மில்லின் வாசலில் இருந்த காவலாளி மங்கி குல்லா போட்டிருந்தார். உள்ளே நானூறு மெஷின்கள் இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காக அமர்ந்து, ஒரே குரலில் ஓலமிட்டபடி எண்களை ஊகித்துக்கொண்டிருக்க, கூடமோ மார்கழி மாதத்து மலை மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஏசி எங்கே என்று ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். சுவரில் நாலு பெட்டிகள் இருந்தன. அவற்றில் குருவி கூடு கட்டியிருந்தது. உலகத் தரமான குளிரூட்டல் என்பது இதுதான்: மெஷின்கள் இங்கே, அவற்றின் சூடு அவரவர் வீட்டில்.

பொறுப்பாளர் கௌஷிக் என்கிற இளைஞர், ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டே வந்தார். அப்போது அவருக்கு வேலூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன். வீட்டு ஹாலில் நிற்க முடியவில்லை, நாற்காலி பிளாஸ்டிக் உருகுகிறது என்று அவர் கத்துவது வெளியே கேட்டது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி கௌஷிக் அவருக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு வைத்தார். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு தெருவில் கட்டில் போட்டுப் படுப்பதாகவும், ஆனால் மெஷின் பத்திரமான இடத்தில் இருக்கிறதே என்ற நிம்மதி அவருக்கு இருப்பதாகவும் தாமாகவே சொன்னார்.

ஆவுடையப்பன் தன் மெஷின் எண்ணைச் சொன்னார். பதினேழு இலக்கம், பார்க்காமல் சொன்னார். மூன்றாவது வரிசையில் இரண்டாவது தட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. கௌஷிக் அதைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், டெஸ்டிங் என்றார்.

"செய்தி அனுப்புன நாளுலேருந்தா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கௌஷிக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார். ஒன்று, மெஷினை இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று, பழைய இரும்பு விலைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்; ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒப்பந்தத்தின் பதினாலாம் பிரிவுப்படி வெப்பம் உரிமையாளரைச் சேர்ந்தது, மெஷின் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் போகும். போன வருஷம் ஒரு மெஷினைத் தன் பெயருக்கு மாற்றி எழுதியதில், ஈரோட்டு வீட்டில் தன் அம்மாவின் பூஜை அறையில் மெழுகுவர்த்தியெல்லாம் படுத்துவிட்டது, அம்மா இன்னும் பேசுவதில்லை. அதனால்தான் எதையும் தங்கள் பெயரில் வாங்காமல், வாடிக்கையாளர் பெயரிலேயே வைத்து ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறோம் என்று, தொழில் ரகசியத்தைச் சக தொழிலாளியிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"எடுங்க. பேக் பண்ணுங்க" என்றார் ஆவுடையப்பன்.

இரண்டு ஆட்கள் வந்து ஒயரைப் பிடுங்கினார்கள். நானூறில் ஒரு குரல் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஆவுடையப்பனின் கைப்பேசி அடித்தது. முப்புடாதி. கணக்கய்யா, வெயில் நின்றுபோய்விட்டது, பிள்ளைகள் சீருடை எல்லாம் சொதசொதவென்று கிடக்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் என்றாள். பின்னால் பல குரல்கள் கேட்டன.

அவர் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் அந்தக் குளிரில் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது மெஷின்களின் ஓலத்துக்கு நடுவிலும் அவள் நெஞ்சில் ஊதிய விசில் அவருக்குத் தனியாகக் கேட்டது. அவள் கெஞ்சவில்லை. மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, கடைவீதியில் காய்கறி சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்க மெஷினக் கொண்டுட்டு மலைக்குப் போங்க. நான் இப்படியே கோயம்புத்தூர் பஸ் ஏறிருதேன். புடவை எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அட்டைப்பெட்டியில் பாதி இறங்கிய மெஷினை ஆவுடையப்பன் வெகுநேரம் பார்த்தார். தன்னை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு எடை என்று அவர் அதுவரை நிறுத்துப் பார்த்ததில்லை.

"தம்பி, அத இருந்த இடத்துலயே வைங்க" என்றார்.

கௌஷிக்குக் குழப்பமாக இருந்தது. ஏமாந்த வாடிக்கையாளர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார், சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு கையைக் கட்டி நிற்கிற ஒருவரை எப்படி நடத்துவது என்று அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை.

"அப்போ... ரிப்பேர்னே போட்டுக்கலாங்களா அங்கிள்?"

"ரிப்பேருன்னே போடுங்க. வாரத எல்லாம் நீங்களே எடுத்துக்கிடுங்க. ஆனா நிறுத்தக் கூடாது. ஒரு நாள் நிறுத்தினாலும் எனக்குத் தெரிஞ்சிரும், என் தெருவுக்கே தெரிஞ்சிரும். பொறவு நாங்க கம்பளியோட வருவோம்."

ஒயரைச் சொருகினார்கள். வாடிக்கையாளர் திருப்திப் படிவம் ஒன்று நீட்டப்பட்டது. அதில் ஐந்து நட்சத்திரங்களுக்கும் ஆவுடையப்பன் மை தீட்டினார். இருவரும் வால்பாறை பஸ் ஏறினார்கள். முப்பதாவது வளைவில் உலகம்மாள் புடவைப் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து மாதா மாதம் முதல் தேதி செய்தி வரும். வருந்துகிறோம், உங்கள் மெஷின் இன்னும் பழுதாகவே இருக்கிறது. ஆவுடையப்பன் அதை வாசலில் நின்று உரக்கப் படிப்பார், தெரு நிம்மதியாக மூச்சு விடும், சிலர் கைகூப்புவார்கள். உதிரிப் பாகம் சீனாவிலிருந்து கப்பலேறாமல் இருக்க வேண்டும் என்று பூசாரி ஒரு தேங்காய் உடைத்தார். இமாமிடமும் பாதிரியாரிடமும் அவரவர்களும் சொல்லிவைத்தார்கள். பணம் எல்லாம் அவனுக்குப் போகிறதே என்று பௌதிக ஆசிரியர் மட்டும் ஒருமுறை கேட்டார். துணியெல்லாம் இங்கே வருகிறதே என்று ஆவுடையப்பனே பதில் சொன்னார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், மலையே தெரியாமல் மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தேதி தப்பி ஒரு செய்தி வந்தது. மகிழ்ச்சியான செய்தி! உங்கள் மெஷின் சரிசெய்யப்பட்டு மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. வழக்கம்போல் அதையும் வாசலில் உரக்கப் படித்துவிட்டார். தெருவில் கையில் ஈரத் துணியோடு நின்றவர்களின் முகங்கள் வெளுத்தன. ஓடவில்லை என்று சொன்னபோது ஓடிய மெஷின், ஓடுகிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஒருவருக்கும் விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை. முப்புடாதி உள்ளே ஓடினாள். ஆவுடையப்பன் கௌஷிக்கை அழைத்தார்.

"தம்பி, சரியாயிட்டுன்னு செய்தி வந்திருக்கே. நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"சாரிங்க அங்கிள். வேலூர்க்காரருக்குப் போக வேண்டியதுங்க. அவர் இன்னைக்கு நேர்ல வந்து பாக்குறேன்னாரு. உங்களது ரிப்பேர்தானுங்க. சுத்தமா ஓடலைங்க."

ஆவுடையப்பன் கைப்பேசியை இறக்கிவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். முக்காலிக்கு எதிரே, காய்ந்துகொண்டிருந்த கம்பளிகளுக்கு நடுவில், உலகம்மாள் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். முன்நெற்றி மயிர் அறை வெயிலில் அசைந்தது, மூச்சில் ஒரு சத்தமும் இல்லை. முப்புடாதி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் அடிமேல் அடி வைத்து வாசலுக்குத் திரும்பி வந்து, காத்திருந்தவர்களிடம், அவளை எழுப்பிவிடாத குரலில் சொன்னார்.

"சுத்தமா ஓடலையாம்."

தெரு தன் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தது.